வில்லைப் பேணினர், நரம்பெடுத்தவனைப் பேணினரா?

பொருளைப் பேணுகின்றவன் நல்லவன் என்பது உலக வழக்கு. உளியைத் துடைத்து எண்ணெயிட்டு வைக்கும் தச்சனை மெச்சுகிறோம். கலப்பையை மழையில் நனைய விடாத உழவனை மெச்சுகிறோம். உயிரற்ற பொருளிடத்தே இத்துணைப் பரிவு உடையவன், உயிருள்ள மனிதனிடத்தும் பரிவு உடையவனாகவே இருப்பான் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். இம்முடிவு சரிதானா? பொருளைப் பேணும் குணமும் மனிதனைப் பேணும் குணமும் ஒன்றேயா? அன்றி வெவ்வேறா?

அன்பர்களே, இவ்வினாவை வெறுஞ்சொல்லால் ஆராய்வதினும் ஒரு பொருளை முன்னே வைத்து ஆராய்வது நலம். மனிதன் மிகுந்த கவலையோடு பேணிய பொருள்களுள் ஒன்று, குதிரை மேலிருந்து எய்யும் வில். அதனிலும் கொரிய நாட்டுக் கொம்பு வில்லை இங்கே எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. கி.பி. 372இல் பௌத்த தம்மம் கொரியாவின் வடபகுதியில் இருந்த கோகுரியோ அரசை அடைந்தது. அதே கோகுரியோ மக்கள் 5ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கல்லறைச் சுவரில், பாயும் குதிரை மேலிருந்து உடலைப் பின்னே திருப்பி மானை எய்யும் வீரனின் ஓவியம் இருக்கிறது. தம்மமும் வில்லும் அந்நாட்டில் பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. ஆகவே நம் வினாவுக்கு அந்நாடு தக்க சான்று.

முதலில் அவ்வில்லின் இயல்பை அறிவோம். அது ஒற்றை மரத்தை வளைத்துக் கட்டிய வில் அன்று. நடுவே மூங்கில், இரு நுனிகளிலும் முசுக்கட்டை மரம். எய்பவனை நோக்கிய உட்புறத்தில் நீர் எருமைக் கொம்பைப் பட்டையாகச் சீவி ஒட்டுவர். வெளிப்புறத்தில் மாட்டின் நரம்பை, அதாவது தசையையும் எலும்பையும் பிணைக்கும் தசைநாரை, உலர்த்தி, தட்டி, நார் நாராகப் பிரித்து, பசையில் தோய்த்துப் படியவைப்பர். வில் வளையும்போது உட்புறம் நெருக்குண்ணும். நெருக்கத்தைத் தாங்கக் கொம்பு வல்லது. வெளிப்புறம் இழுபடும், இழுப்பைத் தாங்க நரம்பு வல்லது. இவ்விரண்டையும் பிரியாமல் பிணைப்பது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை. நம் ஊர்த் தச்சர் காய்ச்சும் வச்சிரத்துக்கு அது உறவு. மேலே பூர்ச்ச மரப்பட்டையைப் போர்த்துவர். ஈரக்காற்றில் பசை இறுகாது; ஆதலின் குளிர் காலத்திலேயே இவ்வேலை நடைபெறும். கோடை மழையில் வில் செய்வோர் ஒட்டு வேலையை நிறுத்திவிடுவர்.

குதிரை வீரனுக்கு இவ்வில் ஏன் வேண்டியதாயிற்று? நெடிய மரவில்லைக் குதிரையின் கழுத்துக்கு மேலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவது கடினம். கொம்பு வில்லோ குறுகியது, குறுகியதாயினும் வலியது. வீரன் கடிவாளத்தை விட்டுவிட்டு, முழங்கால்களால் குதிரையை நடத்தி, கட்டைவிரலில் வளையம் அணிந்து, அக்கட்டைவிரலாலே நாணை இழுத்து எய்வான். குதிரையின் ஓட்டத்தில் உடல் குலுங்காத கணம் ஒன்று உண்டு. அக்கணத்தில் அம்பை விடுதலே பயிற்சியின் உச்சம். சோசன் அரசர் காலத்தில் படைத்தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் அரசத் தேர்வில் இக்குதிரை வில்லும் ஒரு பாடமாக இருந்தது.

இனி அவ்வில்லைப் பேணும் முறையைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் சிந்திக்கத் தக்கது.

எய்து முடித்தபின் நாணை அவிழ்த்துவிட வேண்டும். எந்நேரமும் நாணேற்றியே வைத்த வில் நாளடைவில் தன் விசையை இழக்கும். நாண் நீங்கியதும் கொரிய வில் எதிர்ப்புறமாகச் சுருண்டு, இரு நுனிகளும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு வளைந்து, ஏறக்குறைய ஒரு வட்டமாகிவிடும். அதுவே அதன் ஓய்வு.

மீண்டும் நாணேற்றுமுன் தணலின் மேலே தூரப் பிடித்து மெல்ல வெதுவெதுப்பாக்க வேண்டும். சூடு குறைந்தால் வில் இணங்காது; மிகுந்தால் பசை இளகிவிடும். நாணேற்றிய பின் உடனே இழுக்கலாகாது. இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா, எங்கேனும் முறுக்கு உண்டா என்று கண்ணால் நோக்கி, முறுக்குள்ள இடத்தைச் சற்றே வெதுப்பிக் கையால் நேராக்க வேண்டும். முறுக்கோடு இழுத்தால் வில் திரும்பிப் புரண்டு ஒடிந்து போகும்.

அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து விடலாகாது. அம்பு ஏற்றுச் செல்ல வேண்டிய விசை முழுவதும் வில்லின் மேலேயே திரும்பி அதனை உடைக்கும். மிக நொய்ய அம்பும் அவ்வாறே தீங்கு செய்யும். இழுப்பின் எல்லை இது என்று வில்லுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் இழுப்பது அழிவு.

ஈரம் வில்லுக்குப் பகை. மழைக்காலத்தில் நரம்பும் பசையும் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். ஆதலின் கொரியர் மெல்லிய வெப்பம் நிலவும் பெட்டியோ அறையோ அமைத்து அதனுள் வில்லைக் கிடத்தி வைப்பர். இக்காலத்தில் கண்ணாடி இழையால் செய்த குதிரை விற்களும் வழக்கில் உள்ளன. அவற்றுக்கு ஈரத்தால் அவ்வளவு தீங்கு இல்லை. ஆயினும் நாணை அவிழ்த்தல், கடும் வெயிலில் போட்டு வையாமை, வெறுநாண் விடாமை ஆகிய விதிகள் அவற்றுக்கும் உண்டு.

பார்த்தீர்களா? எத்துணை நுட்பம், எத்துணைப் பொறுமை! ஓய்வு வேண்டும் நேரம் எது, வெம்மை வேண்டும் நேரம் எது, எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்பதெல்லாம் அறிந்து, ஒரு தாய் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவ்வில்லைப் பார்த்தார்கள்.

இக்கவலை வரலாற்றையே திருப்பியது என்றும் சொல்லலாம். 1388ஆம் ஆண்டில் கொரியப் படையொன்று சீனத்தின் மேல் செல்ல வடவெல்லை ஆற்றை அடைந்தது. படைத்தலைவருள் ஒருவர் இ சொங்கே, வில்லில் பேர்பெற்றவர். இப்போர் கூடாது என்பதற்கு அவர் நான்கு காரணங்கள் கூறினார். நான்காவது காரணம் இது: வெப்பமும் மழையும் மிகுந்த பருவம், விற்களின் பசை விட்டுப்போகும், படையினரிடையே நோய் பரவும். பசையையும் வீரன் உடலையும் அவர் ஒரே காரணத்தில் சேர்த்துச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவர் ஆற்றின் நடுவே இருந்த தீவிலிருந்து படையைத் திருப்பினார், ஆட்சியைக் கைப்பற்றினார், 1392இல் சோசன் அரச மரபை நிறுவினார்.

இதுகாறும் வில்லைப் பற்றிச் சொன்னேன். இனி அவ்வில்லின் முதுகிலே படிந்திருக்கும் நரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நரம்பு எங்கிருந்து வந்தது? மாட்டிலிருந்து வந்தது. மாட்டை அறுத்தவர் யார்?

சோசன் நாட்டிலே மாடு அறுத்தலும் தோல் பதனிடுதலும் பெக்சோங் என்னும் மக்களின் தொழிலாக இருந்தன. அவர்கள் ஊருக்குப் புறம்பே தனிச்சேரியில் வாழ்ந்தார்கள். ஓட்டு வீடு கட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. பட்டு உடுத்த உரிமை இல்லை. குழந்தையும் அவர்களைத் தாழ்த்தியே பேசும். மாடு அறுத்தல் அவர்கள் தொழில் என்றால், வில்லுக்கு வேண்டிய நரம்பும் அவர்கள் கை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அவர்கள் கை பட்ட நரம்பு வீரனின் தோளிலே ஏறியது. அரசத் தேர்வின் களத்திலே பெருமையாக நின்றது. அக்கை மட்டும் தீட்டாயிற்று! நரம்பு உயர்ந்தது, நரம்பெடுத்தவன் தாழ்ந்தான் என்னும் இக்கணக்கை எந்த அறிவு ஏற்கும்?

1423இல் சேஜோங் என்னும் அரசர் இம்மக்களின் பழைய இழிபெயரை நீக்கி, சாதாரணக் குடிமக்களைக் குறித்த ‘பெக்சோங்’ என்னும் பெயரை அவர்களுக்கு இட்டார். நல்ல எண்ணந்தான். விளைந்தது என்ன? மக்கள் உயரவில்லை, அப்பெயர் தாழ்ந்தது. நாளடைவில் பெக்சோங் என்பதே வசைச்சொல் ஆயிற்று. மனம் மாறாமல் பெயரை மட்டும் மாற்றினால் வருவது இதுவே என்பதில் நமக்கும் பட்டறிவு உண்டு, விரித்துரைக்க வேண்டியதில்லை.

கொரியாவில் மட்டுமா? ஜப்பானில் காமகுரா நகரத்துச் சுருகவோகா ஹாச்சிமான் கோயிலில், ஓடும் குதிரை மேலிருந்து இலக்கை எய்யும் யாபுசமே விழா 1187 முதல் பேர்பெற்றது. அந்நாட்டு வில் மூங்கிலும் மரமுமாகிய நெடுவில். அங்கே கியோத்தோ நகரில் வில் நாண் செய்து தெருவிலே கூவி விற்றவர்கள் யார்? கியோன் கோயிலைச் சார்ந்திருந்த இனுஜினின் என்னும் தாழ்த்தப்பட்ட மக்கள். நாண் வாங்கச் சொல்லி அவர்கள் கூவிய குரலே அவர்களுக்குப் பெயரும் ஆயிற்று. நாண் இல்லாத வில் வெறுங்கோல். அந்நாணைத் தந்தவனை ஊர் ஒதுக்கியது.

இங்கே நாம் கூசாமல் ஓர் உண்மையைப் பேச வேண்டும். இவ்வொதுக்கலுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று கொல்லாமை. உயிரைக் கொல்பவன், பிணத்தின் தோலைத் தொடுபவன் பாவி என்று கூறி, பௌத்தத்தின் பெயராலேயே அம்மக்களை விலக்கியதும் உண்டு. பஞ்சசீலத்தின் முதற்சீலமே மனிதனை மனிதன் மிதிக்கும் படியாக்கப்பட்டது. தம்மத்தைத் தழுவிய நாம் இதனை மறைத்தல் தகாது, ஆராய்தலே தகும்.

பகவன் புத்தர் இல்லறத்தார்க்கு விலக்கிய வாணிபங்கள் ஐந்து. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பன அவை. அங்குத்தர நிகாயத்தில் இவ்வைந்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவ்வரிசையில் ஆயுதமே முதலில் நிற்கிறது. உலகம் என்ன செய்தது? வரிசையை உடைத்தது. இறைச்சிக்காரனைச் சேரிக்கு அனுப்பியது. ஆயுதக்காரனை அரண்மனைக்கு அழைத்தது. மாட்டைக் கொன்றவன் இழிந்தவன் என்றது. மனிதனைக் கொன்றவனுக்கு மாலை சூட்டியது. இது கொல்லாமையா? கொல்லாமை என்னும் போர்வைக்குள் புகுந்த குலச்செருக்கு அன்றோ இது?

தம்மபத உரையிலே குக்குடமித்தன் என்னும் வேடன் கதை வருகிறது. அவன் மனைவி இளமையிலேயே தம்ம நெறியின் முதற்படியை எய்தியவள். கணவன் வில்லையும் அம்பையும் கொண்டு வரச் சொன்னால் கொண்டு வந்து கொடுப்பாள். அவளும் கொலை செய்தவள் ஆகாளோ என்று பிக்குகள் ஐயுற்றனர். அவளிடம் கொல்லும் எண்ணம் இல்லை. ஆகவே அவளைப் பாவம் பற்றாது என்பதே பகவன் தந்த விடை. வில்லைத் தொட்டதால் அவள் தீட்டுப்படவில்லை. பகவன் நோக்கியது கையை அன்று, எண்ணத்தை. எண்ணத்தை நோக்குவதென்றால் நரம்பெடுத்தவன் எண்ணத்தோடு நரம்பைக் கேட்டவன் எண்ணத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும். கூலிக்கு மாடு அறுத்தவனைச் சீலத்தால் அளந்தவர்கள், அந்நரம்பை வில்லில் ஏற்றிப் போருக்குப் போனவனை ஏன் அளக்கவில்லை?

சீலம் என்பது நான் என் மேல் ஏற்றுக்கொள்ளும் நோன்பு. அஃது அண்டை வீட்டானை அளக்க நான் கையில் எடுக்கும் கோல் அன்று. பகவனோ அம்பை நேராக்கும் கைவினைஞனை, தன் மனத்தை நேராக்கும் அறிவுடையோனுக்கு உவமையாக்கினார். தோட்டி வேலை செய்த சுனீதரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். கைத்தொழிலைக் கண்டு அவர் முகம் சுளித்ததில்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். வில்லை அத்துணைப் பரிவோடு பேணியவர்கள், நரம்பெடுத்தவனிடத்தே பரிவின்றி இருந்தது எங்ஙனம்?

நூற்பாலையிலே நெடுநாள் உழைத்தவன் நான். ஆதலின் இவ்விடை எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. பஞ்சு நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று வறண்டால் இழை அறும். ஆகவே ஆலைக்குள் நீராவி போன்ற ஈரக்காற்றை ஓயாமல் பாய்ச்சுவார்கள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் கருவி சுவரில் தொங்கும். அதனை வேளைதோறும் பார்த்து எழுத ஆள் உண்டு. கதிர்களுக்கு எண்ணெய் இட நாள் உண்டு, நேரம் உண்டு. அவ்வீரத்திலும் பஞ்சுத் தூசியிலும் எட்டு மணி நேரம் மூச்சு விடுகின்றவன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கருவி ஒன்றும் நான் வேலை செய்த இடத்தில் தொங்கவில்லை. இரவிலே இருமுகின்றவனுக்குக் கணக்கேடு இல்லை. நூலைப் பேணத் தெரிந்தவர்களுக்கு நூற்பவனைப் பேணத் தெரியவில்லை என்று சொல்லலாமா? தெரியாமை அன்று அது. அறுந்த நூல் அவர்களுக்கு நட்டம். அறுந்த நெஞ்சு அவர்களுக்கு நட்டம் அன்று. ஒருவன் போனால் வாயிலில் இன்னொருவன் நிற்பான்.

ஆகவே பொருளைப் பேணும் குணம் வேறு, மைத்திரி வேறு என்பது என் துணிபு. வில்லைப் பேணுகின்றவன் வில்லுக்காகப் பேணவில்லை. வில்லால் தனக்கு வரும் பயனுக்காகப் பேணுகிறான். பயன் முடிந்தால் பேணுதலும் முடியும். மைத்திரியோ பிறர் நலத்தைப் பிறர்க்காகவே விரும்புவது. ஒடிந்துபோன வில்லை எவனும் தணலில் வெதுப்புவதில்லை. ஒடிந்த மனிதனை வெதுப்புகிறவனே தம்மத்தை அறிந்தவன். ஒரு சமூகத்தின் அறத்தை அளக்க விரும்பினால், அது தன் கருவிகளை எவ்வளவு பளபளப்பாக வைத்திருக்கிறது என்று பாராதீர்கள். அக்கருவிக்கு நரம்பு தந்தவன் எங்கே குடியிருக்கிறான் என்று பாருங்கள்.

அப்படியானால் பொருளைப் பேணும் கலை பயனற்றதா? அன்று. அக்கலையிலே உள்ள அறிவு முழுவதும் மெய்யறிவே. இறுக்கியது தளர வேண்டும். இழுப்புக்கு எல்லை வேண்டும். குளிர்ந்து கிடப்பதை மெல்ல வெதுப்ப வேண்டும். முறுக்கு உண்டா என்று முன்னே நோக்க வேண்டும். இவ்வளவும் அறிந்தவன் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. வில்லை நோக்கிய அதே கண்ணைத் தன் மனைவி மேலும், தன் வேலையாள் மேலும், அண்டைச் சேரியின் மேலும் திருப்பினால் போதும். இ சொங்கே பசையையும் படையினர் நோயையும் ஒரே காரணத்தில் சொன்னாரே, அவ்வளவுக்கேனும் அவர் கண் திரும்பியது. ஆனால் அவர் நிறுவிய மரபு பெக்சோங் மக்கள் வரையில் அக்கண்ணைத் திருப்பவில்லை. பிக்குகளைக்கூட அது 1895 வரையில் தலைநகருக்குள் விடவில்லை.

அக்கண் தானாகத் திரும்பாதபோது மக்கள் எழுந்து திருப்ப வேண்டியதாயிற்று. 1894இல் கொரிய அரசு சட்டத்தால் குல வேற்றுமையை ஒழித்தது. வில்லைப் பாடமாகக் கொண்டிருந்த படைத்தேர்வும் அவ்வாண்டிலேயே ஒழிந்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் நின்றது. இழிவு தெருவில் நின்றது. 1923இல் சின்சு நகரிலே பெக்சோங் மக்கள் ஒன்றுகூடி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். தராசுத் தண்டு சாயாமல் சமமாக நிற்பதைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக இட்டார்கள். இறைச்சியை நிறுத்த கையினர் நீதியை நிறுக்கக் கேட்டார்கள். ஜப்பானில் 1871 ஆணைக்குப் பின்னும் இழிவு சுமந்த மக்கள் 1922இல் கியோத்தோவில் கூடி, மனித குலத்தவர் யாவரும் சமம் என்று முழங்கினார்கள். இவர்கள் நம் உறவினர். மொழி வேறு, கடல் வேறு, காயம் ஒன்று.

இன்று கொரியாவில் வில் செய்யும் கலையும் அம்பு செய்யும் கலையும் நாட்டின் செல்வமாக 1971 முதல் அரசால் காக்கப்படுகின்றன. வில் செய்பவருக்கு மதிப்பு உண்டு. கொரியாவிலும் மங்கோலியாவிலும் துருக்கியிலும் ஹங்கேரியிலும் வில் இன்று விளையாட்டுக் கருவி. அது நோக்குவது உயிரை அன்று, இலக்கை. பஞ்சசீலம் ஏற்றவன் அத்தகைய வில்லைத் தொடலாமா என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். கொல்லும் எண்ணம் இன்றி, உடலையும் மனத்தையும் ஒருநிலைப்படுத்தத் தொடுவதில் சீலத்துக்கு ஊறு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் அவ்வில்லைக் கையில் எடுப்பவன் அதன் கொம்பையும் நரம்பையும் தடவிப் பார்க்கட்டும். ஓர் எருமையும் ஒரு மாடும் அதில் இருக்கின்றன. அவற்றை உரித்தெடுத்த ஒரு மனிதனும் அதில் இருக்கிறான். மூவரையும் நினையாமல் நாணேற்றுகின்றவன் வில்லை முழுவதும் அறியாதவன்.

உபாசக உபாசிகையரே, நம் இல்லங்களில் வில் இல்லை. ஆயினும் நாம் பேணும் பொருள்கள் பல உண்டு. புத்தாடை உண்டு, வண்டி உண்டு, தையற்பொறி உண்டு. அவற்றைத் துடைத்து வையுங்கள், நன்று. துடைக்கும்போதே அதனைச் செய்தவனையும் அதனை அழுக்கிலிருந்து எடுத்துத் தந்தவனையும் ஒரு கணம் எண்ணுங்கள். நம் தெருவைக் கூட்டுகின்றவரை, நம் சாக்கடையில் இறங்குகின்றவரை, பெயர் சொல்லி, ‘வாருங்கள்’ என்று அழைத்து, நம் வீட்டுத் திண்ணையில் அமரச் சொல்லி, நாம் குடிக்கும் குவளையிலேயே நீர் கொடுங்கள். நம்மவரிலேயே ஒருவரை மற்றொருவர் தாழ்த்தும் உட்பிரிவுப் பேச்சு வீட்டில் எழுந்தால், அதனை அக்கணமே நிறுத்துங்கள். வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் சீலம் எடுக்கும்போது, முதற்சீலத்தை நம் நாவால் மட்டுமின்றி நம் திண்ணையாலும் எடுப்போமாக.